கண்ணாடி முன் நிற்கும் நோய்

"அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்பது எம்மவர் வாயில் அடிக்கடி வரும் பழமொழி. நானும் மறையுரைகளில் பலமுறை சொல்லியிருக்கிறேன். தன் முகம் அவலட்சணமானது என்று நம்பி, வீட்டைவிட்டே வெளியே வராதிருந்த ஓர் இளைஞனைச் சந்தித்த பின் அதைச் சொல்ல மனம் வருவதில்லை.

முன்னேஸ்வரத்தை அடுத்த கரையோரக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவன் அவன். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குச் சில மாதங்களே இருக்கையில் பாடசாலைக்குப் போவதை நிறுத்திவிட்டான். மூக்கு கோணலாகிவிட்டது என்பதே அவனது முறைப்பாடு. பார்ப்பவர் கண்ணுக்கு அப்படியொரு கோணலும் இல்லை. தாய் குவைத்தில் வீட்டு வேலை செய்து அனுப்பிய பணத்தில் ஒரு பகுதி முகப்பூச்சுகளுக்கே போயிற்று. பாட்டி முதலில் முன்னேஸ்வரம் காளி கோவிலுக்கும், பின்னர் தலவில அன்னம்மாளிடமும் அழைத்துச் சென்றார். கடைசியில் என்னிடம் கூட்டி வந்தார். "சுவாமி, பொடியன் நாள் முழுக்கக் கண்ணாடிக்கு முன்னாலதான் நிக்கிறான். கொஞ்சம் புத்தி சொல்லுங்க" என்றார்.

நானும் புத்தி சொன்னேன். ஆண்டவர் தந்த முகத்தைக் குறை சொல்வது அகந்தை என்றேன். அவன் தலைகுனிந்து போனான். அதன்பின் பூசைக்கும் வரவில்லை. பிழை என்னுடையது. நோயாளியை நான் பாவியாக்கிவிட்டேன்.

இதற்கு மருத்துவத்தில் பெயர் உண்டு. 1891ஆம் ஆண்டிலேயே இத்தாலிய வைத்தியர் என்ரிக்கோ மோர்செல்லி இந்நோயை விவரித்து எழுதினார். இன்று 'பொடி டிஸ்மோர்பிக் டிஸ்ஓடர்' என்கின்றனர். உடற்தோற்றக் கோளாறு எனலாம். பிறருக்குத் தெரியாத, அல்லது மிகச் சிறியதான ஒரு குறை நோயாளிக்கு மலையளவாகத் தெரியும். தோல், தலைமுடி, மூக்கு ஆகியவற்றைப் பற்றிய கவலையே அதிகம். நூறு பேரில் ஏறத்தாழ இருவருக்கு இது இருப்பதாகப் பிறநாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. பெண்களைப் போலவே ஆண்களையும் தாக்குகின்றது. பெரும்பாலும் பதினெட்டு வயதுக்கு முன்னரே தொடங்குகின்றது. அதாவது எமது மறைக்கல்வி வகுப்புகளில் பிள்ளைகள் இருக்கும் வயதில். வெட்கத்தினால் வெளியே சொல்லமாட்டார்கள். தற்கொலை எண்ணம் இவர்களிடையே மிக அதிகம் என்பதால் இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிடலாகாது.

குருமடத்தில் கற்ற ஒரு பாடம் இந்நோயை விளங்கிக்கொள்ள எனக்கு உதவியது. சிலர் ஒரே பாவத்தைத் திரும்பத் திரும்பச் சங்கீர்த்தனம் செய்வார்கள். மன்னிப்புக் கிடைத்தும் மனம் ஆறாது. மறுநாளும் வந்து நிற்பார்கள். 1522இல் மன்ரேசாவில் புனித இஞ்ஞாசியாரே இந்த ஐயத்தினால் வதைபட்டு, உயிரை மாய்த்துக்கொள்ளும் சோதனைக்கும் உள்ளானார். பழைய பாவங்களை இனிமேல் சொல்வதில்லை என்று அவர் தீர்மானித்தபோதே விடுதலை பிறந்தது.

கண்ணாடி நோயும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் புதிய நோய் வகைப்பாடும், எண்ணங்களும் செயல்களும் வலிந்து திரும்பத் திரும்ப வரும் நோய்களுடனேயே இதைச் சேர்த்திருக்கின்றது. "நீ வடிவாகத்தான் இருக்கிறாய்" என்ற ஆறுதல் ஒரு மணித்தியாலம் தாங்கும். பிறகு அவன் மீண்டும் கேட்பான். அழகு சிகிச்சையும் மூக்குச் சத்திரசிகிச்சையும்கூட அநேகருக்குத் திருப்தி தருவதில்லை. கவலை உடலின் வேறோர் இடத்துக்குத் தாவும். சிவப்பாக்கும் பூச்சுகள் சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பதால் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

ஆனால் பலன் தரும் சிகிச்சை உண்டு. பயிற்சி பெற்ற ஒருவருடன் பேசி, கண்ணாடி பார்ப்பதைப் படிப்படியாகக் குறைத்து, ஒளித்துத் திரிந்த இடங்களுக்குத் துணிந்து போகப் பழகுவது ஒன்று. புளுஒக்செட்டின் போன்ற மாத்திரைகள் மற்றொன்று. இவை போதைக்கு அடிமையாக்குபவை அல்ல. ஆயினும் பலன் தெரிய மூன்று மாதம்வரை செல்லலாம். இரண்டு வாரத்தில் கைவிடுபவர்களும் உண்டு.

கிராம அபிவிருத்திக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். கடன் திட்டமும் தையற்பயிற்சியும் வீட்டைவிட்டு வெளியே வருபவருக்கே உதவும். இடைவிலகிய மாணவரின் பட்டியலில் "அக்கறையில்லை" என்று எழுதுகிறோம். அவர்களுள் எத்தனை பேர் முகத்தை மறைத்துக்கொண்டு இருட்டறையில் இருக்கிறார்கள் என்று நாம் கேட்டதுண்டா?

ஆகவே எமது பங்குகளில் மூன்று காரியங்களைச் செய்யலாம். முதலாவது, "கருவாச்சி", "தவளை மூக்கன்" போன்ற பட்டப்பெயர்களை வகுப்பிலும் வீட்டிலும் நிறுத்துவோம். இரண்டாவது, தோற்றத்தைப் பற்றி ஓயாது வருந்தும் பிள்ளையிடம் மூக்கைப் பற்றி வாதாடாமல், "இந்தக் கவலை உனக்கு எவ்வளவு நேரத்தைத் தின்னுகிறது?" என்று கேட்போம். மூன்றாவது, அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு நாமே கூட்டிச் செல்வோம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். நேர்த்தி வைப்பவர் வைக்கட்டும். செபமும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

அந்த இளைஞனின் வீட்டுக்குப் பிறகு நானே சென்றேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். அதன் பின்னரே வைத்தியசாலையைப் பற்றிப் பேசினேன். இப்போது மாதந்தோறும் கிளினிக்குக்குப் போய் வருகிறான். கண்ணாடி முன் நிற்பது முற்றாக நிற்கவில்லை, குறைந்திருக்கின்றது. சென்ற மாதம் பாட்டியுடன் சந்தைக்குப் போனானாம். அந்த வீட்டில் அது ஒரு திருநாள்.