மைனரின் கூரையை வெட்டுகிறவர்களுக்கும் அதை வாடகைக்கு எடுக்கிற நமக்கும்



"சேர்மார் மூன்று பேரும் கூரை இல்லாத கார் வாங்கப் போய், இப்ப கூரை போட்டுக்கொண்டு நிற்கிறார்கள்" என்று ஊரில் ஒரு பகிடி ஓடுகிறது. உண்மைதான், சிரியுங்கள். சிரித்து முடிந்த பிறகு இதையும் வாசியுங்கள். நாளைக்கு உங்கள் வீட்டுக் கலியாணத்துக்கு வரப்போகும் காரைப் பற்றிய கதை இது.

சீட்டுக் கட்டிச் சேர்த்த காசில் நாங்கள் ஒரு மொரிஸ் மைனர் வாங்கினோம். "ஒரிஜினல் கன்வெர்டிபிள், புது ஹூட், புது பெயின்ட்" என்றுதான் விற்றவர் சொன்னார். கராஜில் ஜக்கில் தூக்கியபோது கதவு இறுகிக்கொண்டது, திறக்கவே இல்லை. பாஸ் சிரிக்கவில்லை. "சேர், இது வெட்டின வாகனம்" என்றார். பட்டியைச் சுரண்டினால் உள்ளே துரு. கூரை இருந்த இடத்தில் கிரைண்டர் போன அடையாளம்.

இதில் என்ன குற்றம் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறோம். மைனருக்கு லொறி மாதிரித் தனியான செசி கிடையாது. தரை, பக்கம், கூரை எல்லாம் சேர்ந்துதான் அதன் எலும்புக்கூடு. 1948இல் மைனர் வந்த நாளிலிருந்தே திறந்த வகையும் இருந்தது, 1969 வரை செய்தார்கள். ஆனால் கூரையை எடுத்த இடத்துக்குப் பதிலாக, கதவுக்குக் கீழேயும் டேஷ்போர்டின் இரண்டு முனைகளிலும் தொழிற்சாலையிலேயே மேலதிகத் தகடு வைத்துப் பலப்படுத்தினார்கள். நம்மவர்கள் கூரையை மட்டும் வெட்டுகிறார்கள். பலத்தைக் கூட்டுவதில்லை. கீழே துருப்பிடித்த தகட்டின் மேல் பட்டி பூசிப் பளபளப்பாக்குகிறார்கள். இந்த நடு முறிந்த பெட்டியில்தான் மாப்பிள்ளையையும் பெண்ணையும், போதாததற்கு நாலு பிள்ளைகளையும் ஏற்றிப் பிரதான வீதியில் ஊர்வலம் விடுகிறோம்.

"வியாபாரத்தில இதெல்லாம் சகஜம் சேர், வாங்கிறவன்தான் பார்த்து வாங்கணும்" என்று எங்களுக்குப் புத்தி சொன்னவர்கள் பலர். தொழுகையில் நமக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களே சொன்னார்கள். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரலில் ஈரம் பட்ட சம்பவத்தைச் சின்ன வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். மழையில் நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே என்றுதான் அந்த வியாபாரியிடம் கேட்கப்பட்டது. நனைந்தது குற்றமில்லை, மறைத்ததுதான் குற்றம். தானியத்தின் ஈரம் மறைத்தால் பாவம், தகட்டின் துரு மறைத்தால் கெட்டித்தனமா?

இன்னொருவர் வந்து, "அப்படியே பெயின்ட் அடித்து வெளியூரானுக்குத் தள்ளிவிடுங்கள்" என்றார். வாங்கிய விலைக்கு மேலேயே தருகிறேன் என்று ஆளும் வந்தது. நாங்கள் மறுத்தோம். மறுக்கும்போது மனம் ஆடவில்லை என்று சொன்னால் பொய். மூன்று வீட்டிலும் பேச்சு வாங்கினோம். ஆனால் வகுப்பில் நாணயத்தைப் பற்றிப் பாடம் எடுத்துவிட்டுப் பின்னேரம் அந்தக் காரைத் தள்ளிவிட எங்களால் முடியவில்லை. உடைந்த ஒரு மைனரின் கூரையை வாங்கி, கீழ்த் தகடுகளை மாற்றி, ஒழுங்காக வெல்டிங் பிடித்துக்கொண்டிருக்கிறோம். கூரை வந்த கதை இதுதான்.

"பழைய இரும்புக்குக் காசு கொட்டுவது வீண்விரயம்" என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது நம்மைச் சுமந்தவை பழைய வாகனங்கள்தான். அவற்றை ஓட வைத்தவை கராஜ் பாஸ்மாரின் கைகள். ஒருநாள் ஊர்வலத்துக்கு வட்டிக் கடன் எடுத்துக் கார் பிடிப்பதை விரயம் என்று சொல்லாத வாய், தகடு தட்டிப் பழகும் பையனுக்குக் கொடுக்கும் கூலியை விரயம் என்கிறது. பழையதைத் திருத்துவதை நாங்கள் எதிர்க்கவில்லை. திருத்தினோம் என்று பொய் சொல்வதைத்தான் எதிர்க்கிறோம்.

வாங்கப் போகிறவர்கள் கவனியுங்கள். நாலு கதவு உள்ள திறந்த மைனர் என்று ஒன்று தொழிற்சாலையிலிருந்து வந்ததே இல்லை. அப்படி ஒன்றைக் கண்டால் வெட்டினது என்று முடிவு செய்யுங்கள். இரண்டு கதவு என்றால் ஜக்கில் தூக்கிக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு ஓரத்து இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவா என்று பாருங்கள். பலகைக்கும் கார்ப்பெட்டுக்கும் கீழே கையை விடுங்கள். காந்தத்தைக் கொண்டுபோங்கள், பட்டி தடிப்பாக உள்ள இடத்தில் அது ஒட்டாது. பதிவுப் புத்தகத்தோடு செசி இலக்கத்தை ஒப்பிடாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

கராஜ் வைத்திருக்கும் சகோதரர்களே, கூரை வெட்டச் சொல்லி வருகிறவனைத் திருப்பி அனுப்புங்கள். வாடகைக்கு விடுகிற சகோதரர்களே, வெட்டின காரை வெட்டினது என்று சொல்லுங்கள். சொன்னால் யாரும் எடுக்கமாட்டார்கள் என்றால், அதை ஏன் ஓட்டுகிறீர்கள்? பெற்றோர்களே, போட்டோவுக்கு முன்னால் கதவைத் திறந்து பாருங்கள்.

எங்கள் கார் இன்ஷா அல்லாஹ் பெருநாளைக்குள் வீதிக்கு வரும். கூரையோடுதான் வரும். சிரிக்க விரும்புகிறவர்கள் அன்றைக்கும் சிரிக்கலாம், ஏறி ஒரு சுற்றும் வரலாம்.