வீட்டு மொழியும் சிறுகதையும்

கல்லூரி மலர்களுக்கென மாணவர் எழுதித் தரும் சிறுகதைகளைப் படிக்கும்போது ஒரு குறை தவறாமல் நம் கண்ணில் படுகிறது. எழுதியவர் கடலோர ஊரினராக இருப்பார். கதையிலோ கடல் இராது. அவர் வீட்டில் வாப்பாவும் உம்மாவும் இருப்பர். கதையில் டாடியும் மம்மியும் பேசுவர். திரைப்படத்தில் கண்ட மாளிகை வரும். பிறந்து வளர்ந்த தெரு வராது.

இதற்கு மாணவரை மட்டும் நொந்து பயனில்லை. ‘ராத்தா’ என்றும் ‘காக்கா’ என்றும் அவர் எழுதியபோது சிவப்பு மையால் சுழித்தவர்கள் தமிழாசிரியர்களாகிய நாமே. கட்டுரைக்குரிய விதியைக் கதைக்கும் விதித்துவிட்டோம். வீட்டு மொழி ஏட்டில் ஏறத் தகாதது என்று அஞ்சிய மாணவர், வீட்டையே கதையிலிருந்து விலக்கிவிட்டார்.

தமிழ் நாவலின் தொடக்க காலத்திலேயே நம்மவர் எழுத வந்துவிட்டனர். கண்டி சித்தி லெவ்வையின் ‘அசன்பே சரித்திரம்’ 1885-இல் வெளிவந்தது. அதன் கதை தொடங்குவது எகிப்து நாட்டில். பின்னர், மூன்றாம் வகுப்பு வரையே பயின்ற நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938-இல் வெளியிட்ட ‘காதலா கடமையா’ நாவலுக்கு உ.வே.சாமிநாதையர் முன்னுரை வழங்கினார். படிப்புக் குறைவு எழுத்துக்குத் தடையன்று என்பதற்கு அவரே சான்று. ஆயினும், தேங்காய்ப்பட்டினத்துத் தோப்பில் முஹம்மது மீரான் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யை வெளியிட்ட 1988-இல்தான் நம் வீட்டுப் பேச்சு தமிழுலகின் பரவலான கவனத்தைப் பெற்றது. அதே மண்ணின் மொழியில் அவர் எழுதிய ‘சாய்வு நாற்காலி’க்கு 1997-இல் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது. நாம் சுழித்த சொற்களே அரங்கேறின!

எனவே, எழுதத் தொடங்கும் மாணவர்க்கு நாம் கூறும் முதற்பாடம் எளியது: தெரிந்த ஓர் இடம், தெரிந்த ஒரு மனிதர், ஒரே நிகழ்ச்சி, இவற்றோடு தொடங்குக. அந்நிகழ்ச்சியை யார் கண்ணால் காண்கிறோம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்க. கருத்தை உரைக்காமல் காட்சியாகக் காட்டுக. ‘கைக்கூலி கொடியது’ என்று ஒரு பக்கம் எழுதுவதினும், மகளின் நிக்காஹுக்காகத் தன் காதணிகளைக் கழற்றிக் கொடுத்துவிட்ட உம்மா, வெறுங்காதை முக்காட்டால் மறைத்துக்கொண்டு விருந்தினரை வரவேற்பதாக இரண்டு வரி எழுதினால் போதும். அதன்பின் அறிவுரை வேண்டா; கதையை அங்கேயே முடித்துவிடலாம்.

‘வீட்டுக் குறையை வெளியே சொல்வதா?’ என்று பெரியவர்கள் வருந்துவதை நாம் அறிவோம். மாணவியர் எழுதும்போது இக்கேள்வி இன்னும் கடுமையாக எழுகிறது. புறம் பேசுதலை மார்க்கம் தடுத்திருக்கிறது, உண்மை. ஆனால் புறம் என்பது ஒருவரை அடையாளம் காட்டி இழிவு செய்வது. கதையோ, அடையாளத்தை மாற்றி, துயரத்தை மட்டும் நம் முன் வைப்பது. ஜும்ஆ மேடையில் கண்டிக்கத்தக்க கைக்கூலியைக் கதையில் காட்டுவது எவ்வாறு குற்றமாகும்? அண்டை வீட்டார் இன்னாரெனத் தெரியாதபடி எழுதும் பொறுப்பு மாணவருடையது. எழுதியவரைக் குற்றவாளியாக நிறுத்தாதிருக்கும் பொறுப்பு பெரியவர்களுடையது.

ஆசிரியர்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. கதைத்தாளைத் திருத்துமுன் சிவப்பு மையைச் சற்று ஒதுக்கி வைப்போம். அடுத்த மலரிலேனும் வாப்பாவும் உம்மாவும் தம் சொந்தக் குரலில் பேசட்டும், இன்ஷா அல்லாஹ்.