கடல்பாசி உறைஞ்சிருச்சு, சரி. குளிர்ந்துச்சா?

1/
திருப்பாலைக்குடி, தேவிபட்டினம், கீழக்கரைன்னு நம்ம ராமநாதபுரம் கடற்கரையில் நோன்பு மாதம் வந்தா பல வீடுகளில் கடல்பாசி காய்ச்சுவாங்க. இப்போ பாலோடு ஃப்ரெஷ் க்ரீமும் சேர்க்கிறாங்க. சுலபமான வேலை, நல்ல ருசி. தாராளமா செய்யுங்க. ஆனா ஒரு மருத்துவரா ஒண்ணை அழுத்திச் சொல்றேன்: உறையுறது வேற, குளிர்றது வேற.

2/
கடல்பாசி என்கிற அகர் அகர் கடலில் வளர்ற பாசியிலிருந்து எடுக்கிற பொருள். மண்டபம், பாம்பன் பக்கம் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கும் கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப்பாசி ரெண்டுலயும் இது இருக்கு. உருகணும்னா சுமார் 85 டிகிரி சூடு வேணும். 40 டிகிரிக்குக் கீழே வர வர உறைஞ்சிடும். அதனால நம்ம ஊர் வெயிலில் ஃப்ரிட்ஜ் இல்லாமலே கட்டியாகும்.

3/
இந்தக் குணம்தான் மருத்துவத்துக்கும் உதவுச்சு. ஜெர்மனியில் ராபர்ட் கோக் ஆய்வகத்தில் வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸிக்கு, கிருமி வளர்க்கும் ஜெலட்டின் வெயிலில் இளகிப்போறது பெரிய தலைவலி. 1881-ல் அவர் மனைவி ஃபேனி, தன் சமையலறையில் புட்டிங்குக்குப் போடும் அகரைப் போட்டுப் பாருங்கன்னார். இன்னைக்கும் லேப்களில் கிருமி வளர்க்கிறது அகர் மேலதான்.

4/
இப்போ யோசிங்க. அகர் வெறும் மெத்தைதான், கிருமிக்குத் தீனி இல்லை. அதில் பால், க்ரீம், சர்க்கரை சேர்த்தா தீனியும் ரெடி. பார்க்க கட்டியா, பளபளன்னு இருக்கும். கெட்டது கண்ணுக்குத் தெரியாது.

5/
மதியம் காய்ச்சி மேசையில் வச்சு, மாலை நோன்பு திறக்க எடுத்து, பக்கத்து வீட்டுக்கும் கொடுத்து, மிச்சத்தை சஹருக்குச் சாப்பிடுறது. ஆபத்து இங்கதான். மூக்கிலும் கைப்புண்ணிலும் இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி வெட்டும்போது அதில் ஏறி, வெளியில் இருக்கும் நேரத்தில் பெருகி நச்சு விடும். அந்த நச்சு திரும்பக் கொதிக்க வச்சாலும் அழியாது. அரை மணியிலிருந்து 8 மணி நேரத்துக்குள் வாந்தி, வயிற்றுவலி வரும். குழந்தைகளும் வயசானவங்களும் சீக்கிரம் துவண்டுடுவாங்க.

6/
செய்முறை:
• 10 கிராம் கடல்பாசியை அரை மணி நேரம் ஊற வச்சு, ஒரு டம்ளர் தண்ணீரில் முழுசாக் கரையும்வரை காய்ச்சி வடிகட்டுங்க.
• அரை லிட்டர் பாலை 50 கிராம் சர்க்கரையோடு கொதிக்க வச்சு, சூட்டோடு சூடா கடல்பாசியைக் கலக்குங்க.
• அடுப்பை அணைச்சு 200 மில்லி ஃப்ரெஷ் க்ரீம் சேருங்க. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஜில் க்ரீம் வேண்டாம், கட்டி தட்டும்.
• பெரிய தட்டு வேண்டாம். 8 சின்னக் கிண்ணங்களில் ஊத்துங்க. சீக்கிரம் ஆறும், வெட்டக் கை வைக்க வேண்டியதில்லை.
• அரை மணி ஆறினதும் ஃப்ரிட்ஜுக்குள். பரிமாறும்போதுதான் வெளியே.

7/
வெளியில் அதிகபட்சம் 2 மணி நேரம். கடும் வெயில் நாளில் ஒரு மணி நேரம். அதுக்கு மேல இருந்தா யோசிக்காம கொட்டிடுங்க. கரண்ட் போனா ஃப்ரிட்ஜைத் திறக்காதீங்க, 4 மணி நேரம் குளிர் தாங்கும்.

8/
"எங்க உம்மா காலத்துல ஃப்ரிட்ஜா இருந்துச்சு?"ன்னு கேட்பீங்க. இல்லைதான். அப்போ அளவாக் காய்ச்சி, அன்னைக்கே தீர்த்துடுவாங்க. ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு இன்னைக்கும் அதே வழிதான்: நோன்பு திறக்க ஒரு மணி நேரம் முன்னாடி காய்ச்சுங்க, மிச்சம் வைக்காதீங்க.

9/
கண்டென்ஸ்டு மில்க் ஊத்துறவங்களுக்கு: அந்த டின்னில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். 2023-ல் வந்த ஐசிஎம்ஆர் ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவங்க நூறு பேரில் 14 பேருக்கு மேல் சுகர். மேலே சொன்ன அளவில் ஒரு கிண்ணத்துக்குச் சேர்க்கிற சர்க்கரை 6 கிராம் சொச்சம்தான். சுகர் இருந்தா ஒரு கிண்ணத்தோட நிறுத்திக்கோங்க.

10/
வாந்தி வந்தா ஓஆர்எஸ் கொஞ்சம் கொஞ்சமாக் கொடுங்க. குழந்தை சோர்ந்து போனாலோ, சிறுநீர் குறைஞ்சாலோ உடனே ஆஸ்பத்திரி.

பக்கத்து வீட்டுக்குக் கிண்ணம் கொடுத்தனுப்பும்போது இதையும் சேர்த்துச் சொல்லி அனுப்புங்க: "ஃப்ரிட்ஜுல வைங்க."