ஓடு என்னும் சொல்

ஆங்கிலத்தில் விரைந்து செல்லுதலைக் குறிக்கும் ‘ரன்’ என்னும் வினைக்கு ஆக்ஸ்போர்டுப் பேரகராதி 600க்கு மேற்பட்ட பொருள்களைத் தருகின்றது. இதனைக் கேட்ட மாணவருட் சிலர், தமிழுக்கு இவ்வளம் இல்லையே என இரங்குகின்றனர். வேறு சிலர், அச்சொல்லும் தமிழிற் பிறந்ததே எனச் சாதிக்கின்றனர். இவ்விரண்டும் எமக்கு உடன்பாடல்ல.

இரங்குவோர் காயல்பட்டினக் கடற்கரைக்கு வருக. ஆங்கே சிறுவன் மணலில் ஓடுகின்றான். தோணி நீரில் ஓடுகின்றது. மீனவர் நீரோட்டம் அறிந்து வலையிடுகின்றனர். புதிய மரக்கலம் முதன்முதல் நீரிற் செல்வது வெள்ளோட்டம். வாணிகத்தின்பொருட்டு ஈழம் சென்ற இவ்வூர் முன்னோர் கடலோடிகள். அணித்தேயுள்ள தூத்துக்குடியில் 1906இல் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவிய வ. உ. சிதம்பரம் பிள்ளையைக் ‘கப்பலோட்டிய தமிழர்’ என்று நாடு போற்றுகின்றது. கொற்கையினின்று கடலை அகற்றியதும் தாமிரவருணியின் ஓட்டம் கொணர்ந்த வண்டலே. ஒரு சொல்லில் இக்கரையின் வாழ்வும் வரலாறும் அடங்கக் காண்கிறோம்.

இனிச் சாதிப்போர்க்கு ஒரு சொல். ‘ரன்’ என்பது பழைய ஆங்கில ‘ரின்னன்’ முதலிய வடிவங்களின் வழிவந்தது; ஜெர்மானிய ‘ரென்னன்’ அதற்கு இனம். ஒலியொப்புமை ஒன்றே பிறப்புக்குச் சான்றாகாது. கூரை ஓடும் ஒலியால் ஓடுதான். அது ஓடிவந்து கூரையேறிற்று என்பாருண்டோ? ஓடம் ஓடுதலாற் பெயர்பெற்றது என்பதும் ஆராய்ந்தே கொள்ளத்தக்கது. 1856இல் கால்டுவெல் ஐயர் ஒப்பிலக்கணம் வெளியிட்டது, இலக்கண அமைதியும் ஒலிமாற்ற நெறியும் ஒருங்கு நோக்கியே இனம் காணல் வேண்டும் என்பதற்கன்றோ?

பிறர் உடைமையைப் பொய்யாகக் கவர்ந்து தாய்க்கு அணிவித்தல் அன்பாகாது. அவள் அணிகள் அவளுக்குப் போதும்.