கடற்பாலத்தின் கால்கள்

புதுச்சேரிக்கு இயற்கையாய் அமைந்த துறைமுகம் இல்லை. கரையோரத்தில் ஆழம் குறைவு, அலையோ மிகுதி. ஆதலின் முற்காலத்தில் பெருங்கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, சலங்குகளே மக்களையும் சரக்கையும் கரை சேர்த்தன. இவ்வல்லலைக் குறைக்கும் பொருட்டுப் பிரெஞ்சு ஆட்சியார் 1866ஆம் ஆண்டில் கடலுள் நீண்டதோர் இரும்புப் பாலம் அமைத்தனர். 1952ஆம் ஆண்டுப் புயல் அதனை அழித்தது. அதற்கு ஈடாகக் கான்கிரீட்டுப் பாலம் ஒன்று கட்டப்பெற்று, 1962ஆம் ஆண்டில் பயன்பாட்டிற்கு வந்தது. 2022ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், வங்கக் கடல் கொந்தளித்திருந்த ஒரு நாளில், அதன் ஒரு பகுதியும் இடிந்து வீழ்ந்தது. அப்பொழுது அதற்கு அகவை அறுபது.

இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் நாம் கடலையே பழிக்கின்றோம். அலை இறுதியாக ஒரு முறை தள்ளுகின்றது, அவ்வளவே. கடற்பாலத்தின் நோய் பல்லாண்டுகளுக்கு முன்பே அதன் கால்களில் தொடங்கிவிடுகின்றது என்பதே என் துணிபு.

அந்நோய் யாது? கான்கிரீட்டு தன்னகத்துள்ள இருப்புக் கம்பியைத் தன் காரத்தன்மையால் துருவினின்றும் காக்கின்றது. கடல்நீரிலுள்ள உப்பு மெல்ல மெல்ல உட்புகுந்து கம்பியை எட்டியதும் அக்காப்பு அழிகின்றது. துருவானது இரும்பினும் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளுமாதலின், உள்ளிருந்தே தூணைப் பிளக்கின்றது. பிளவு வழியே மேலும் நீரும் காற்றும் புகும். எப்பொழுதும் நீருள் மூழ்கியிருக்கும் பகுதி அத்துணை விரைவாய்க் கெடுவதில்லை; அங்கு உயிர்வளி குறைவு. அலை மோதி மோதி நனைந்தும் காய்ந்தும் நிற்கும் இடைப்பகுதியே பெரிதும் கெடுகின்றது. பாலத்தின் மேல் நின்று கடலழகு காண்பார் கண்ணுக்கு அப்பகுதி புலப்படுவதில்லை.

எனவேதான், வெடிப்பின்மேல் சாந்து பூசி வண்ணம் தீட்டுவதைப் பழுதுபார்த்தல் என்று சொல்ல என் நா எழவில்லை. அது புண்ணை மூடிக் கட்டிவிட்டு நோய் தீர்ந்ததென்பது போன்றது. உப்பேறிய கான்கிரீட்டைக் கம்பியின் பின்புறம் வரை செதுக்கி எடுத்தல் வேண்டும். துருவைப் போக்கி, மெலிந்த கம்பிக்குத் துணையாகப் புதுக்கம்பி சேர்த்தல் வேண்டும். பின்னர்த் தூணைச் சுற்றிப் புதிய கான்கிரீட்டுக் கவசம் இடுதல் வேண்டும். துத்தநாகத் துண்டுகளைக் கம்பியோடு இணைத்து வைப்பதும் உண்டு. இரும்பு கரைவதற்கு மாறாகத் துத்தநாகம் கரையும். இம்முறைக்கு வழிகாட்டியவர் ஆங்கில அறிஞர் அம்ப்ரி டேவி. 1824ஆம் ஆண்டில் அவர் கப்பலடியின் செப்புத் தகட்டை இவ்வாறு காத்தார். செம்பு கரையாமல் நின்றது. ஆயின் அதன் நஞ்சும் நீரிற் கலவாமையால் சிப்பியினங்கள் தகட்டின்மேல் மண்டிக் கப்பலின் விரைவைக் குறைத்தன! தூண்களுக்கு ஓடும் வேலை இல்லையாதலின் அவ்விடர் இங்கில்லை.

காலை மட்டும் காத்தாற் போதுமா? கால் ஊன்றிய மண்ணும் நிலைத்தல் வேண்டும். தூணைச் சுழித்தோடும் நீர் அடிமணலைத் தோண்டும். அவ்விடத்தில் கருங்கற்களைக் கொட்டி அரிப்பைத் தடுப்பர். புதுச்சேரியிலேயே, 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பத்து ஆற்றின் முகத்தில் எழுந்த அலைதடுப்புச் சுவர்கள் வடக்கு நோக்கிச் செல்லும் மணலை மறித்தன. நகரத்துக் கடற்கரை தேய்ந்தது. ஓரிடத்தில் கல் வைத்தால் மற்றோரிடத்தில் மண் போகும். இதனை ஆராயாது தூணை மட்டும் வலுவாக்குதல் பாதி வேலையே.

இவையெல்லாம் பெருஞ்செலவு அன்றோ என வினவலாம். ஆம்; அதிலும், செலவிட்ட பின் வெளியே காட்டுவதற்கு ஒன்றுமிராது. நீருக்கடியில் நடந்த பணிக்குத் திறப்பு விழா எடுப்பார் யார்? கைப்பிடிக்கும் மின்விளக்கிற்கும் பணம் எளிதிற் கிடைப்பதன் காரணமும் இதுவே. செலவிட மனமில்லையாயின் பாலத்தை முறையாகப் பிரித்தெடுத்துவிடலாம். அதுவும் நேர்மையான முடிவே. காவாமலும் பிரிக்காமலும் விட்டுவைப்பதைத்தான் ஒப்ப இயலாது. அதன் நிழலில் வலை வீசுவோரும் படகு செலுத்துவோரும் நாள்தோறும் போய்வருகின்றனர்.

எஞ்சி நிற்கும் கடற்பாலம் ஒவ்வொன்றன் தூண்களையும் ஆண்டுக்கொரு முறை முக்குளிப்போரை இறக்கிப் பார்த்து, கண்டதைக் கண்டவாறே எழுதி, அவ்வூர் மக்கள் படிக்குமாறு துறைமுக வாயிலில் ஒட்டுதல் வேண்டும்.