இரவல் மார்க்

நமது ஜனங்களில் எழுத்து வாசனை இல்லாதவர்களும் தீபாவளிக் காலத்தில் கடைக்குச் சென்று, சேவல் மார்க் என்றும் அணில் மார்க் என்றும் பெயர் சொல்லிப் பட்டாசு வாங்கிய வழக்கத்தை அன்பர்கள் அறிவார்கள். கம்பெனியின் பெயரை அவர்கள் படித்ததில்லை. லேபிளில் இருந்த படமே அவர்களுக்கு நம்பிக்கை. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அவ்வித லேபிள்கள் அடிக்கப் புகுந்துதான் சிவகாசி ஒரு பெரிய அச்சுத்தொழில் ஸ்தலமாயிற்று. ஒரு வியாபாரிக்கு மார்க் என்பது அவனுடைய கல்லாப்பெட்டிக்குச் சமானமான சொத்து. அந்தச் சொத்தைச் சிறு வியாபாரிகள் இன்று தம்மையறியாமலே கைநழுவ விடுகிறார்கள் என்பதே நமது கவலை.

இணையத்தின் மூலம் லோகோ, விசிட்டிங் கார்டு, நோட்டீஸ், லேபிள் முதலியவற்றைத் தாமே அமைத்து, பணத்தையும் அங்கேயே கட்டி, சில தினங்களில் வீட்டு வாசலிலே பெற்றுக்கொள்ளும் சௌகரியம் ஏற்பட்டிருக்கிறது. இந்தச் சௌகரியத்தை நாம் தூஷிக்க வரவில்லை. நூறு கார்டு கேட்டு வந்த தையற்கடைக்காரரை, ஆயிரத்துக்குக் குறைந்து அடிப்பதற்கில்லையென்று திருப்பியனுப்பியவர்கள் நமது அச்சகத்தார் அல்லவா? அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஆப்செட்டில் வர்ண வேலைக்கு நான்கு மைகளுக்கு நான்கு பிளேட்டுகள் வேண்டும். நூறு அடித்தாலும் பத்தாயிரம் அடித்தாலும் அந்தச் செலவு ஒன்றே. 1995இல் பாரிஸ் நகரில் ராபர்ட் கீன் என்பவர் தொடங்கிய கம்பெனி, பின்னர் விஸ்டாபிரிண்ட் என்ற பெயருடன் இந்த முடிச்சை அவிழ்த்தது. முன்பின் அறியாத பல வியாபாரிகளின் கார்டுகளை ஒரே பெரிய தாளில் அடுக்கி அடித்து, பிறகு வெட்டிப் பிரித்தார்கள். பிளேட் செலவு பலர் தலையிலும் பங்காகிச் சொற்பமாயிற்று. 250 கார்டுகளை இனாமாகக் கொடுத்துத் தபால் செலவை மட்டும் வாங்கிய காலமும் உண்டு. அந்த இனாம் கார்டின் முதுகில் கம்பெனி தன் பெயரை அச்சிட்டுக்கொண்டது! வியாபாரி தன் பெயரை நீட்டிய போதெல்லாம் கம்பெனியின் பெயரையும் சேர்த்து நீட்டினான்.

அச்சு வேலை இவ்வாறு மலிந்தபின், சித்திர வேலையும் மலிந்தது. ஆஸ்திரேலியாவில் 2013இல் வெளிவந்த கான்வா முதலிய சாதனங்களில், ஆயிரக்கணக்கான மாதிரிப் படிவங்கள் தயாராக இருக்கின்றன. பெயரை மாற்றினால் போதும், லேபிள் ஆயிற்று. இங்கேதான் நமது ஆட்சேபம் பிறக்கிறது. மரச்செக்கு எண்ணெய் விற்கும் கடைகளின் லேபிள்களை அன்பர்கள் வரிசையாக வைத்துப் பார்க்கட்டும். எத்தனை லேபிள்களில் அதே பச்சை இலை, அதே சொட்டு, அதே வளைவு! ஒரு கடைக்காரர் நல்ல எண்ணெய் கொடுத்துச் சம்பாதித்த பெயரை, அடுத்த தெருக்காரர் அதே இலையைப் போட்டு அனுபவிக்கிறார். அவரைத் திருடன் என்று சொல்லவும் வழியில்லை. இருவரும் ஒரே களஞ்சியத்திலிருந்து இரவல் வாங்கியவர்கள். கான்வாவின் நிபந்தனைகளே இதை ஒளிக்கவில்லை. அங்குள்ள படிவங்களும் படங்களும் எவருக்கும் தனியுரிமையாகக் கொடுக்கப்படுவதில்லை. அவற்றைக் கொண்டு செய்த லோகோவை வியாபாரச் சின்னமாகப் பதிவு செய்துகொள்ளவும் இடமில்லை. நமது தேசத்தின் 1999ஆம் வருஷத்து வியாபாரச் சின்னச் சட்டமும், பிறருடைய சரக்கிலிருந்து பிரித்துக் காட்டும் தன்மையில்லாத குறியை ஏற்பதில்லை. ஆனால் வெறும் எழுத்துருக்களையும் சாதாரணக் கோடுகளையும் வட்டங்களையும் கொண்டு ஒருவர் தம் சொந்த யுக்தியால் அமைத்துக்கொள்வதை அந்நிபந்தனைகள் தடுக்கவில்லை. இதை எத்தனை பேர் படித்துப் பார்க்கிறார்கள்?

தமிழுக்கு நேரும் விபத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொம்பு எழுத்துக்கு முன்னே நிற்பது நம் கண்ணுக்கு. கம்ப்யூட்டரின் சேமிப்பில் அது எழுத்துக்குப் பின்னே இருக்கிறது. இந்தச் சூட்சுமம் தெரியாத சாதனத்தில், கொம்பு இடம் மாறிக் கடையின் பெயரே கேலிக்கிடமாகிவிடும். வர்ணமும் அப்படியே. திரையில் ஒளியாக ஜொலிக்கும் பச்சை, காகிதத்தில் மையாக இறங்கும்போது மங்கும். உள்ளூர் டிடிபிக்காரர் ஒரு புரூப் எடுத்துக் காட்டியிருந்தால் இரண்டும் அப்பொழுதே தெரிந்திருக்கும்.

ஆதலால் நமது யோசனை இது. பில் புத்தகம், நோட்டீஸ் இவைகளை எங்கே மலிவோ அங்கே அடித்துக்கொள்ளலாம். மார்க்கை மட்டும், ஒரு சித்திரக்காரருக்குக் கூலி கொடுத்துப் புதிதாக வரைவித்துக்கொள்ள வேண்டும். கூலி கொடுத்ததே போதுமென்று இருந்துவிடலாகாது. 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்து மூலமாகவே இருக்க வேண்டும். ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்குவதில் என்ன சிரமம்?

அச்சகத்தாருக்கும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. வாடிக்கைக்காரர் பணம் கொடுத்து வரைவித்த லோகோவின் மூல பைலைக் கேட்டால், கொடுப்பதில்லையென்று சாதிப்பவர்கள் அவர்களில் பலர். அடுத்த வேலையும் தம்மிடமே வரவேண்டுமென்று அதைப் பிணையாக வைத்துக்கொள்கிறார்கள். மனம் கசந்த அந்த வாடிக்கைக்காரரே மறுநாள் கைத்தொலைபேசியைத் திறந்து பச்சை இலையைத் தேடுகிறார். பாக்கி தீர்ந்த அன்றே பைலையும் கையில் கொடுத்து, விலைப்பட்டியலை வாசலில் ஒட்டி, நூறு கார்டானாலும் நாலு பேருடைய வேலையைச் சேர்த்து அடித்துத் தருகிறோமென்று முன்வரும் அச்சகத்தார் எந்த ஊரில் இருந்தாலும், அவருக்கு வேலை குறையாது என்பது நமது அபிப்பிராயம்.