மருந்து எல்லை தாண்டுகிறது, செய்தி தாண்டுகிறதா?

கோபிநத்தம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது வீரப்பன் பெயர்தான். அது நான் பிறந்த ஊர். அங்கே மக்களுக்கு மருத்துவ வசதி செய்து கொடுத்து, 1991இல் உயிர் நீத்த வன அதிகாரி சீனிவாசின் பெயரையும் எங்கள் ஊரார் மறக்கவில்லை. 1997 வரை அது மைசூர் மாவட்டம். இன்று சாமராஜநகர் மாவட்டம். வீட்டுப் பேச்சு தமிழ், அலுவலக மொழி கன்னடம். உடம்புக்கு முடியவில்லை என்றால் சிலர் கொள்ளேகாலம் போவார்கள். சிலர் பாலாறு தாண்டி மேட்டூர் போவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தாயார் மூட்டுவலிக்காக, தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு கடையில், மருத்துவர் சீட்டு இல்லாமலே மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு வந்தார்கள். மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, முகத்தில் வீக்கம். மைசூருக்கு அழைத்து வந்தேன். என்ன மாத்திரை என்று மருத்துவர் கன்னடத்தில் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். "நீளமா இருந்துச்சுப்பா. அட்டையை அடுப்புல போட்டுட்டேன்" என்றார்கள். எப்படியோ பிழைத்துக்கொண்டார்கள்.

இரண்டு ஆண்டு கழித்து இங்கே வேறொரு கடையில் வலி மாத்திரை வாங்கிச் சாப்பிட்டபோது, இரண்டே நாளில் அதே தடிப்பு. இம்முறை அட்டை கையில் இருந்தது. மெஃபனாமிக் அமிலம் என்ற பெயரை மருத்துவர் சிவப்பு மையில் எழுதி, "இது இனி வேண்டாம்" என்றார். முதல் அட்டையை அடுப்பில் போடாமல் இருந்திருந்தால், இரண்டாவது அவதி வந்தே இருக்காது என்று இன்றும் வருந்துகிறேன்.

2023 நவம்பர் 30 அன்று, காஸியாபாத்தில் உள்ள இந்தியன் பார்மகோபியா கமிஷன் அதே மருந்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. மாதவிடாய் வலிக்கும் பல்வலிக்கும் நம் வீடுகளில் சர்வசாதாரணமாகப் புழங்கும் இந்த மருந்து, அரிதாகச் சிலருக்குத் தடிப்பு, காய்ச்சல், நெறிகட்டுதல், உள்ளுறுப்புப் பாதிப்பு ஆகியவற்றை உண்டாக்கலாம். அதுவும் இரண்டு முதல் எட்டு வாரம் கழித்துத் தோன்றலாம் என்றது. அதற்குள் மாத்திரை சாப்பிட்டதையே நாம் மறந்திருப்போம்!

பல்லாண்டுகளாக விற்கும் மருந்துக்கு இப்போது ஏன் எச்சரிக்கை என்று கேட்கலாம். புதிய மருந்தைச் சில ஆயிரம் பேருக்குக் கொடுத்துப் பார்த்தபின் விற்பனைக்கு விடுகிறார்கள். பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரும் கேடு அந்தச் சோதனையில் தெரியாமல் போகலாம். லட்சக்கணக்கானோர் சாப்பிட்ட பிறகு, எத்தனை பேருக்கு என்ன வந்தது என்று கணக்கெடுத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதற்கென்றே மருந்தியலில் ஒரு தனித் துறை இருக்கிறது. உலக நாடுகளின் தகவல்கள் சுவீடனில் உப்சாலா என்னும் நகரில் உள்ள மையத்தில் சேர்கின்றன. மூன்று கோடிக்கும் மேற்பட்ட அறிக்கைகள் அங்கே உள்ளன. நம் நாட்டில் இதற்கான தேசியத் திட்டம் 2010இல் தொடங்கியது. ஆனால் யாராவது சொன்னால்தானே கணக்கு!

சொல்லத் தாமதமானால் என்ன ஆகும் என்பதை 2025 காட்டியது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமலுக்கு 'கோல்ட்ரிஃப்' சிரப் குடித்த இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் பழுதாகி இறந்தனர். பலர் சிகிச்சைக்குப் போனது மகாராஷ்டிரத்து நாக்பூருக்கு. மருந்து தயாரானதோ நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். செப்டம்பர் தொடக்கத்திலேயே சாவுகள் ஆரம்பித்துவிட்டன. தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குத் தகவல் வந்தது அக்டோபர் 1ஆம் தேதி. உடனே ஆலையில் மாதிரி எடுத்து, மறுநாளே முடிவு கண்டார்கள்: எஸ்ஆர்-13 என்ற பேட்சில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு 48.6 சதவீதம்! சோதனைக்கு ஒரு நாள் போதுமாயிருந்தது. செய்தி வந்து சேரத்தான் ஏறக்குறைய ஒரு மாதம். இதே நஞ்சால் 1972இல் சென்னையிலேயே குழந்தைகள் இறந்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

ஆலையைச் சோதிப்பது அரசின் கடமை. அதை நம் தலையில் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மருந்தே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் சாப்பிடும் மாத்திரையைப் பயந்து நிறுத்துவது பெரிய ஆபத்து. ஆனால் ஊருக்குப் போய்த் திரும்பும்போது ஊறுகாயோடு மாத்திரையும் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் நாம். அங்கே கொடுத்த மருத்துவருக்கு இங்கே நடந்தது தெரியாது; இங்கே பார்க்கும் மருத்துவருக்கு அங்கே கொடுத்தது தெரியாது. இரண்டும் தெரிந்தவர்கள் நாம் மட்டுமே.

மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரித்த வள்ளுவர், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பார்த்துக்கொள்பவரையும் சேர்த்தார். அந்த நான்காவது ஆள் நாம்தான்.

வாசக அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். வீட்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். மருந்தின் பெயர், பேட்ச் எண், சாப்பிடத் தொடங்கிய தேதி மூன்றையும் எழுதுங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள். மருந்து தீர்ந்தாலும் இரண்டு மாதம் அட்டையை எறியாதீர்கள். ஏதேனும் கோளாறு தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். 1800-180-3024 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியிலும் தெரிவிக்கலாம். பொதுமக்களுக்கான புகார்ப் படிவம் தமிழிலும் கன்னடத்திலும் உண்டு. நம் சங்கம் அதை அச்சிட்டு அடுத்த பொங்கல் விழாவில் வீட்டுக்கு ஒன்று கொடுத்தால் என்ன?

என் தாயார் இப்போது மாத்திரை அட்டைகளை அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் போட்டு வைக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அவர்களாலேயே முடிகிறது, நம்மால் முடியாதா?